‘நல்லாத்தான் இருக்கேன்’: அளவுகோலில் 2 போட்டவர்

எங்கள் பிரிவில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார். எந்தக் காகிதத்தைக் கேட்டாலும் அவருடைய நீலக் கோப்பிலிருந்து நொடியில் எடுத்து நீட்டுவார். கீமோ நாளில் நரம்பு கிடைக்காமல் செவிலியர் இரண்டு முறை குத்தித் தவறவிட்டபோது, "பரவால்ல சிஸ்டர், மெதுவாப் பாருங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று அவருக்கு இவர் ஆறுதல் சொன்னார். புதிதாக வந்து அழுதுகொண்டிருப்பவர்களிடம் எங்கள் ஆட்களே அவரைக் காட்டி, "அந்த அம்மாவைப் பாருங்க, எவ்வளவு தைரியம்" என்பார்கள்.

நான் புற்றுநோய்ப் பிரிவில் உளவியல் ஆலோசகர். இங்கே எழுதுவது ஒரே ஒருவருடைய கதை அல்ல. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சிலருடைய அனுபவங்களை ஒருவர்மேல் ஏற்றி, விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் விட்டது எங்கள் தவறை மட்டும்.

முதல் சந்திப்பு

வயது 43. கணக்குப் பிரிவில் வேலை. கணவர், 14 வயதில் மகள், 8 வயதில் மகன். இடது மார்பில் கட்டி, பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியானது. இரண்டாம் நிலை, ஹார்மோன் ஏற்பி உள்ள வகை, அதாவது உடம்பின் ஹார்மோன் தூண்டி வளர்வது. முழு மார்பையும் எடுக்கத் தேவையில்லை, கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் திசுவையும் எடுத்தால் போதும் என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார். அக்குளில் எடுத்துப் பார்த்த நிணநீர்க் கணுக்களில் ஒன்றில் நோய் இருந்ததால், அறுவைக்குப் பிறகு எட்டுச் சுற்றுக் கீமோ, பதினைந்து நாள் ரேடியேஷன், அதன்பின் பல வருடம் அந்தத் தூண்டுதலைத் தடுக்கும் தமோக்சிஃபென் மாத்திரை என்று திட்டம்.

அறுவைக்கு நான்கு நாள் முன்னால் என்னிடம் அனுப்பினார்கள். அனுப்பியதற்குத் தனிக் காரணம் எதுவும் இல்லை. எல்லோரையும் ஒருமுறை அனுப்புவது எங்கள் வழக்கம். மேசையில் மனவெப்பமானிக் காகிதத்தை வைத்தேன். ஒரு வெப்பமானியின் படம், அடியில் 0, உச்சியில் 10. இன்றைக்கும் சேர்த்துக் கடந்த ஒரு வாரத்தில் மனம் எவ்வளவு பாடுபட்டது என்று ஓர் எண்ணில் வட்டம் போடவேண்டும். 4 அல்லது அதற்கு மேல் போட்டால் விரிவாக விசாரிப்போம். புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்று ஒரு துறையையே உருவாக்கியவர்களில் முதன்மையானவர் நியூயார்க்கின் மனநல மருத்துவர் ஜிம்மி ஹாலந்து. ‘மனநோய்’, ‘மனச்சோர்வு’ என்று கேட்டால் நோயாளிகள் வாயை மூடிக்கொள்கிறார்கள், பொதுவான ஒரு சொல்லால் கேட்டால் பேசுகிறார்கள் என்பது அவர் வழிவந்தவர்கள் கண்டது. இந்த எளிய படத்துக்குப் பின்னால் இருக்கும் யோசனை அதுதான்.

அவர் 2-ஐ வட்டமிட்டார். பேனா தயங்கவே இல்லை.

"தூக்கம்?"

"வருது."

"பயம்?"

"பயந்து என்ன ஆகப்போகுது சொல்லுங்க? டாக்டர் சொல்றதைச் செய்யணும், அவ்வளவுதான். நான் நல்லாத்தான் இருக்கேன்."

பதினைந்தே நிமிடத்தில் முடிந்த சந்திப்பு. குறிப்பில் ‘நன்கு சமாளிக்கிறார், மேல் கவனிப்பு தேவையில்லை’ என்று எழுதி மூடினேன். இன்றும் அந்த வரி கோப்பில் இருக்கிறது, என் கையெழுத்தோடு.

எதைக் கேட்கத் தவறினேன் என்பது பிறகுதான் புரிந்தது. நோய் என்று சொன்ன அன்று என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. பதினோரு மாதம் கழித்துக் கேட்டபோது சொன்னார்: ‘கேன்சர்’ என்ற சொல்லுக்குப் பிறகு மருத்துவர் கிட்டத்தட்ட இருபது நிமிடம் பேசினாராம். இவர் காதில் விழுந்தது எதுவும் நினைவில் இல்லை. மருத்துவர் சட்டைப்பையில் மூடியில்லாத பேனா ஒன்று இருந்தது, அதன் முனை துணியில் நீலமாகக் கசிந்து ஒரு காசு அளவுக்குப் பரவிக்கொண்டே இருந்தது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். வெளியே வந்ததும் நேராகப் போய்க் கோப்பு ஒன்று வாங்கினார். காகிதங்களைப் பிரித்து, வண்ணத் தாள் வைத்து, தேதிவாரியாக அடுக்கினார். எனக்கு அந்தக் கோப்பு ஒழுங்காகத் தெரிந்தது. அவருக்கு அது கைப்பிடிச் சுவர்.

அதிர்ச்சியில் மரத்துப்போவது தவறே அல்ல. செய்தியைக் கேட்டவுடன் அழுபவர்களும் உண்டு, அன்று மாலையே அலுவலகக் கணக்கை முடிக்க உட்காருபவர்களும் உண்டு. மரத்துப்போனதைத் தைரியம் என்று நான் குறித்துவைத்தேனே, அதுதான் தவறு.

மருந்து கொடுத்த இரவுகள்

கீமோ மாதங்களைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. முடி கொட்டியது, வாய் புண்ணானது, பிந்தைய சுற்றுகளில் விரல் நுனிகள் மரத்தன. எல்லாவற்றையும் கோப்பில் எழுதினார். ஒன்றை மட்டும் எழுதவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் அடுத்த இரண்டு மூன்று இரவுகள் கண் மூடவே முடியாது. மனம் சக்கரம் போலச் சுழலும். நள்ளிரவில் அலமாரியைப் பிரித்து அடுக்குவார், காரணமில்லாமல் மகள்மேல் எரிந்து விழுவார், நான்காம் நாள் பள்ளத்தில் விழுந்ததுபோல் சோர்ந்து கிடப்பார். ‘புத்தி பிசகுதோ’ என்ற பயம் உள்ளே இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

அது டெக்ஸாமெத்தசோன் செய்த வேலை. கீமோவில் வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு அது. தூக்கத்தைக் கெடுக்கும், மனநிலையை ஏற்றி இறக்கும். மாத்திரையைக் காலையிலேயே போட்டு முடிக்கச் சொல்வது, அளவைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பது என்று மருத்துவர் கையில் எளிய வழிகள் இருந்தன. சொல்லியிருந்தால் இரண்டாம் சுற்றிலேயே தீர்ந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எல்லாரும் என்னைத் தைரியசாலின்னு சொல்றாங்க. அதைப் போய்க் கெடுப்பானேன்னு" என்றார்.

கடைசி ரேடியேஷனுக்குப் பிறகு

கடைசி நாள் கைதட்டி அனுப்பிவைத்தோம். இரண்டு மாதம் கழித்து அவருடைய அக்கா தொலைபேசியில் அழைத்தார். "எல்லாம் முடிஞ்சு நல்லாயிட்டா. இப்பப் போய் அழுதுகிட்டே இருக்கா. ஏன்னே தெரியல."

குடும்பத்துக்கு இது புதிராகத்தான் இருக்கும். ஆனால் எங்களுக்கு இருந்திருக்கக்கூடாது. ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய் வந்த 222 பெண்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்த லண்டன் ஆய்வு ஒன்று 2005-இல் வெளிவந்தது. நோய் தெரிந்த முதல் வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வோ பதற்றமோ இரண்டுமோ இருந்தன. இரண்டு, மூன்று, நான்காம் வருடங்களில் 25 சதவீதம். ஐந்தாம் வருடத்திலும் 15 சதவீதம். சிகிச்சை முடியும் தேதிக்கும் மனம் ஆறும் தேதிக்கும் தொடர்பில்லை.

சிகிச்சை நடக்கும்வரை ஏதோ ஒன்று செய்துகொண்டிருக்கிறோம் என்ற பிடி இருக்கிறது. வாராவாரம் யாரோ தொட்டுப் பார்க்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், ‘சரியா இருக்கு’ என்கிறார்கள். ஒருநாள் அது சட்டென்று நின்றுபோகிறது. ‘இனி மூணு மாசம் கழிச்சு வாங்க’ என்று அனுப்பிவிடுகிறோம். வீட்டில் இருப்பவர்கள் பெருமூச்சு விட்டுப் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப, ஒன்பது மாதம் ஒத்திப்போட்ட பயம் அப்போதுதான் நோயாளியின் வாசலில் வந்து நிற்கிறது.

இந்த முறை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். வெப்பமானியில் 8. மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவத்தில் 27-க்கு 14, நடுத்தர அளவு. பதற்றத்துக்கான ஏழு கேள்விப் படிவத்தில் 21-க்கு 16, தீவிர அளவு. மனச்சோர்வுப் படிவத்தின் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை மூன்றும் சிகிச்சையாலும் வரும். அதனால் ரத்தசோகை இருக்கிறதா, தைராய்டு சரியா என்று பார்க்கச் சொன்னோம். இரண்டிலும் குறையில்லை. நான் அதிக எடை கொடுப்பது வேறொரு கேள்விக்கு: முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கிறதா? மகள் பள்ளி மேடையில் பேசியதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தும் எதுவும் தோன்றவில்லை என்றார். வெறும் களைப்பு அப்படிச் செய்யாது.

நேராகவும் கேட்டேன். "உயிரோட இருக்கவேண்டாம்னு தோணுதா?"

நீண்ட நேரம் பேசவில்லை. "சாகணும்னு இல்லை. காலையில எழுந்திருக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு சில நாள் தோணும்."

திட்டம் எதுவும் இல்லை, அதற்கான முயற்சியும் இல்லை, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக மனம் இல்லை. இருந்தாலும் அந்த வாக்கியம் கேட்ட பிறகு அடுத்த வாரம் பார்க்கலாம் என்று எழுந்திருக்க முடியாது. அன்றே மனநல மருத்துவரைப் பார்க்கவைத்தோம். நோயாளியின் சம்மதத்தோடு கணவருக்குச் சொன்னோம். எண்ணம் வலுத்தால் முதலில் யாரை அழைப்பது, அவர் எடுக்காவிட்டால் யாரை, இரவில் எங்கே வருவது என்று அவர் கையாலேயே எழுதச் சொன்னோம். அதையும் நீலக் கோப்பில்தான் வைத்தார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். கேட்டதால் யாருக்கும் அந்த எண்ணம் வருவதில்லை. அவர் தோள்கள் இறங்கியதைத்தான் நான் பார்த்தேன்.

மாத்திரை அட்டைகள்

கிளம்பும்போது கோப்பின் கடைசி உறையிலிருந்து ஆறு அட்டைகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். பத்து பத்தாகத் தமோக்சிஃபென். ஒவ்வொரு குழிக்குப் பின்னாலும் சிறிய எழுத்தில் தேதி. அறுபதில் முப்பத்தேழு குழிகள் காலி. இருபத்துமூன்றில் மாத்திரை அப்படியே, வெள்ளித்தாள் கிழியாமல். கணக்குக்காரர் அல்லவா, போடாத நாளையும் மறைக்கத் தெரியவில்லை.

"ராத்திரி உடம்பெல்லாம் திடீர்னு தீப்பிடிச்ச மாதிரி சூடு கிளம்புது, முழுசா நனைஞ்சு எழுந்திருக்கேன். அதைக்கூடத் தாங்கிக்கலாம். தினம் காலையில அதைக் கையில எடுக்கும்போது, நீ கேன்சர்காரின்னு அது சொல்ற மாதிரி இருக்கு. சில நாள் அதைக் கேட்க முடியல."

மனநலம் என்றால் ஏதோ மென்மையான விஷயம், முதலில் உயிர், பிறகு மனசு என்று பேசுபவர்களுக்காக இந்த அட்டைகளைச் சொல்கிறேன். நோய் திரும்புவதைக் குறைக்கும் மாத்திரையை அவர் விட்டதற்குக் காரணம் பயம். இது மனதின் கணக்கிலா, உடம்பின் கணக்கிலா?

இன்னொன்றும் வெளிவந்தது. தூக்கமில்லை, படபடப்பு என்று மூன்று வாரத்துக்கு முன் வேறொரு மருத்துவரிடம் போயிருக்கிறார். அவர் பராக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு, பதற்ற மருந்தை எழுதிக்கொடுத்திருக்கிறார். தமோக்சிஃபென் உடம்பில் முழுப் பலனைத் தரக் கல்லீரலில் ஒரு நொதி அதை எண்டாக்சிஃபென் என்ற வீரியமான வடிவமாக மாற்றவேண்டும். பராக்ஸெட்டினும் அதே வகையைச் சேர்ந்த ஃபுளுவாக்செட்டினும் அந்த நொதியை வலுவாகத் தடுப்பவை. இதனால் நோய் திரும்புவது எவ்வளவு கூடுகிறது என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை; ஆனால் வேறு நல்ல மருந்துகள் இருக்கும்போது இந்தச் சேர்க்கை எதற்கு என்பதில் பெரும்பாலோர் ஒரே பக்கம். எங்கள் மனநல மருத்துவர் பராக்ஸெட்டினைப் படிப்படியாகக் குறைத்து (சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், குமட்டல் வரும்) வென்லாஃபாக்சினுக்கு மாற்றினார். அது அந்த நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை, உடல்சூட்டையும் தணிக்கும். ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். தமோக்சிஃபென் போடுபவர் மனநல மருந்துக்காக எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக ‘நான் தமோக்சிஃபென் போடுகிறேன்’ என்று சொல்லவேண்டும். அவர் சொல்லவில்லை. ஒழுங்காகப் போடாத மாத்திரையை எப்படிச் சொல்வது என்ற கூச்சம்.

மாத்திரை நேரத்தைக் காலையிலிருந்து இரவுக்கு மாற்றினோம், பல் துலக்குவதோடு சேர்த்து. புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான். எழுந்ததும் அதன் முகத்தில் விழிக்கவேண்டியதில்லை என்பதே அவருக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

‘பயந்தா திரும்ப வந்திடும்’

மூன்றாம் அமர்வில்தான் அடிவேர் தட்டுப்பட்டது. நோய் வந்ததே தன்னால்தான் என்று நம்பியிருந்தார். அதற்கு முந்தைய இரண்டு வருடம் வேலையில் கடும் நெருக்கடி. அந்த மன உளைச்சல்தான் கட்டியானது என்பது அவர் கணக்கு. இனியும் பயந்தால், அழுதால், நோய் திரும்பும். அக்காவும் சொல்லியிருக்கிறார்: "அழாதேடி, அழுதா உடம்புக்குள்ள போகும். பாசிட்டிவா இரு." ஆக, பயம் வரும், பயப்படுகிறோமே என்று அதற்குமேல் ஒரு பயம் வரும்.

இங்கே நான் ஆலோசகர் வேலையை விட்டுவிட்டு வாத்தியார் வேலை பார்த்தேன். அவர் எண்களை நம்புபவர், எண்களையே எடுத்துவைத்தேன். பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. மன உளைச்சல் அதிகம் என்று சொன்னவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் வந்ததாக அதில் உறுதியான தொடர்பு தெரியவில்லை.

சரி, தைரியமாக இருந்தால் கூடுதல் காலம் வாழலாமா? 1989-இல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகலும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், நோய் பரவிய 86 பெண்களில் ஆதரவுக் குழுவில் சேர்ந்தவர்கள் சராசரியாக ஒன்றரை வருடம் கூடுதலாக வாழ்ந்ததாகத் தெரிந்தது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 2001-இல் கனடாவில் 235 பெண்களோடு மறுபடி செய்து பார்த்தார்கள், ஆயுள் நீளவில்லை. குழுவில் இருந்தவர்களின் மனவேதனை குறைந்தது, வலியின் கடுமையும் குறைந்தது. ஸ்பீகலே பிறகு செய்த ஆய்விலும் மொத்தத்தில் ஆயுள் பலன் கிடைக்கவில்லை. 1999-இல் 578 பெண்களைப் பார்த்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வில், ‘போராட்ட குணம்’ இருந்தவர்கள் அதனால் அதிகம் பிழைக்கவில்லை. அதே ஆய்வில் கடுமையான மனச்சோர்வுக்கும் நம்பிக்கையிழப்புக்கும் மோசமான விளைவுகளோடு தொடர்பு தெரிந்தது. அதை அவரிடம் நான் மறைக்கவில்லை. மனச்சோர்வு ஒரு நோய், அதற்கு வைத்தியம் இருக்கிறது, அதை இப்போது செய்துகொண்டிருக்கிறோம். ஆனால் ராத்திரி வந்த ஒரு பயமோ குளியலறையில் அழுத ஓர் அழுகையோ புற்றுநோய்ச் செல்லைத் தூண்டிவிடுவதில்லை.

"அப்ப நான் அழலாமா?" என்று கேட்டார். நாற்பத்துமூன்று வயதுப் பெண், அனுமதி கேட்பதுபோல. கேட்டுவிட்டு அந்த அமர்வின் மிச்ச நேரம் முழுக்க அழுதார். நான் எதுவும் பேசவில்லை. காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்திக்கூட வைக்கவில்லை. ‘போதும், துடைச்சுக்கோ’ என்று அது சொல்லிவிடும்.

‘பாசிட்டிவா இரு’ என்பதை அன்பில்லாமல் யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்த வாக்கியத்தால் ஆறுதல் அடைவது பெரும்பாலும் சொல்பவர்தான். கேட்பவருக்கு அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கை போகும் இடம்

பயம் இருக்கட்டும் என்றோம். அது வேலை வாங்குவதை நிறுத்தவேண்டியிருந்தது. மார்பையும் அக்குளையும் ஒரு நாளைக்குப் பத்து முறை தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் கன்றிச் சிவந்திருந்தது. அழுத்தி அழுத்திப் பார்த்ததில் வலி வந்தது. வலி இருக்கிறதே என்று மறுபடி அழுத்தினார். ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்ற நிம்மதி அரைமணி நேரம் நிற்கும். அந்த அரைமணியைத் திரும்ப வாங்க அடுத்த தடவல்.

அறுவை மருத்துவரை ஒருமுறை அழைத்துப் பேசவைத்தேன். எதைப் பார்க்கவேண்டும் என்று தெளிவாகச் சொன்னார்: புதிய கட்டி, தோல் தடித்தல் அல்லது நிறமாற்றம், காம்பிலிருந்து கசிவு, அக்குளில் வீக்கம், எங்கே என்றாலும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் புது வலி. அறுவைத் தழும்பின் கீழே இருக்கும் கெட்டியான வரம்பை அவர் விரலாலேயே தொடவைத்து, "இது தழும்பு. இது இப்படியேதான் இருக்கும்" என்றார். மாதம் முழுக்கத் தட்டுப்பட்ட ‘கட்டி’ அதுதான். எனக்கு ஐந்து அமர்வு பிடித்திருக்கும். அவருக்கு நாற்பது வினாடி போதுமாக இருந்தது.

பிறகு படிப்படியாகக் குறைத்தோம். முதல் வாரம் பத்து ஆறானது. அடுத்து மூன்று. கை தானாகப் போகும்போது பத்து நிமிடம் தள்ளிப்போடவேண்டும், அந்த நேரத்தில் பதற்றம் ஏறி இறங்குவதை எண்ணாகக் குறிக்கவேண்டும். அவருக்கு அந்த வேலை பிடித்துப்போனது. ஏழாவது வாரத்தில் மாதத்துக்கு ஒருமுறை, முதல் தேதி மட்டும் என்று வந்து நின்றது. கவலைக்கும் ஒரு நேரம் ஒதுக்கினோம், மாலை ஆறிலிருந்து ஆறு இருபது வரை. பகலில் வரும் கவலையை ஒரு வரியில் எழுதிவிட்டு ஆறு மணிக்கு ஒத்திவைப்பது. பாதிக் கவலைகள் ஆறு மணிக்கு வரவே இல்லை என்று சிரித்தார். மிச்சப் பாதி வந்தன, உட்கார்ந்து அழவைத்தன.

வாரம் மூன்று நாள், முப்பது நிமிட வேக நடை. புற்றுநோயாளிகளின் உடற்பயிற்சி பற்றி 2019-இல் வந்த சர்வதேசப் பரிந்துரையின் அளவு அது. எட்டுப் பன்னிரண்டு வாரம் விடாமல் செய்தால் களைப்பு, பதற்றம், மனச்சோர்வு மூன்றும் குறைவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. களைத்திருப்பவரை நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும். முதல் வாரம் எட்டு நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார். அதுவும் கணக்கில் சேர்ந்தது.

ஆதரவுக் குழுவுக்கு ஒருமுறை போனார், பிடிக்கவில்லை. வற்புறுத்தவில்லை. பத்துப் பேர் கதையையும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவது எல்லோருக்கும் ஒத்துவராது. அதற்குப் பதில் ஆறு வருடத்துக்கு முன் இதே சிகிச்சை முடித்த ஒருவரோடு தொலைபேசியில் பேசவைத்தோம். நோய் வந்து மீண்டவரே புதிதாக வந்தவரைப் பார்க்கப் போகும் இந்த முறை 1952-இல் அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்ற பெண் தொடங்கிவைத்தது. அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

வீட்டுக்குள்

மகன் அவரைக் கட்டிப்பிடிப்பதை நிறுத்தி மாதங்கள் ஆகியிருந்தன. வளர்ந்துவிட்டான் என்று நினைத்திருந்தார். பிள்ளையிடம் ‘அம்மாவுக்குச் சின்ன ஆபரேஷன்’ என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். என்னதான் சொல்லாவிட்டாலும் எட்டு வயதுப் பிள்ளை தலையில் முடியில்லாத அம்மாவைப் பார்த்துத் தானே ஒரு காரணம் கண்டுபிடிக்கும். அந்த வயதில் கண்டுபிடிக்கும் காரணம் பெரும்பாலும் ‘நான்தான்’ என்பதாக இருக்கும்.

என்ன சொல்வது என்று இங்கேயே ஒத்திகை பார்த்தோம். நோயின் பெயரைச் சொல்லவேண்டும். யாராலும் வந்ததில்லை, தொட்டால் ஒட்டாது என்று சொல்லவேண்டும். இனி என்ன நடக்கும் என்பதைப் பொய்யில்லாமல் சொல்லவேண்டும். வீட்டில் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி: "நான் பந்து விளையாடும்போது அன்னிக்கு உன்மேல மோதினேனே, அதனால இல்லையா?"

ஒரு வருடம் அதை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறான்.

கணவர் வேறு மாதிரி. என் அறைக்கு வெளியே பெஞ்சில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஒருநாள் தனியாகக் கேட்டேன். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு கைபேசியில் இந்த நோயைப் பற்றிப் படித்துக்கொண்டே இருப்பாராம். "அவ தைரியமா இருக்கா. நான் உடைஞ்சுட்டா அவளும் உடைஞ்சுடுவா." அடுத்த அறையில் இவர் ‘அவர் தாங்கமாட்டார்’ என்று தலையணையில் முகம் புதைத்திருக்கிறார். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து அந்த இரண்டு வாக்கியத்தையும் ஒருவருக்கொருவர் சொல்லவைத்தேன். நான் செய்தது அதற்குமேல் எதுவும் இல்லை.

ஐந்து மாதம் கழித்து

பன்னிரண்டு அமர்வுகள். மனச்சோர்வுப் படிவத்தில் 14 ஆறாக இறங்கியது, பதற்றப் படிவத்தில் 16 ஏழாக. காலையில் எழாமலே போகலாம் என்ற எண்ணம் இரண்டாம் மாதத்துக்குப் பிறகு வரவில்லை. தமோக்சிஃபென் கடைசி மூன்று மாதத்தில் நான்கு நாள் மட்டும் தவறியிருக்கிறது, அட்டையோடு காட்டினார்.

சிகிச்சைக்குப் பிறகான முதல் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) நெருங்கிய இரண்டு வாரம் எல்லாம் பின்னுக்குப் போனது. தூக்கம் போயிற்று, கை மறுபடி அக்குளுக்குப் போயிற்று. அது வரும் என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தோம்: பரிசோதனை நாளைக் காலை முதல் நேரமாக வாங்கிவைப்பது, முடிவை எப்போது யார் சொல்வார்கள் என்று தெரிந்துகொள்வது, அதுவரை கணவர் கைபேசியில் எதையும் படிப்பதில்லை என்று ஒப்பந்தம். காத்திருந்த நாளில் வெப்பமானிக் காகிதத்தைக் கேட்டு வாங்கி 7-இல் வட்டம் போட்டார். முடிவு நல்லபடியாக வந்தது. அன்று இரவும் ஒருமுறை தடவிப் பார்த்ததாகக் குறித்துவைத்திருந்தார்.

எங்கள் பக்கம் மாறியது: வெப்பமானியை இப்போது நோய் தெரிந்தபோது, சிகிச்சையின் நடுவில், கடைசி ரேடியேஷன் முடிந்து ஆறாவது வாரத்தில், பிறகு வருடாந்திரப் பரிசோதனைக்கு முன் என்று நான்கு முறை கொடுக்கிறோம். 0, 1, 2 போடுபவர்களிடமும் ‘சொன்ன அன்று என்ன நடந்தது’ என்று கேட்கிறோம்.

முடியாமல் நிற்பது ஒன்று. மார்பு முழுவதும் போகவில்லையே, பாதியாவது காப்பாற்றியாயிற்றே என்று எல்லோரும் சொன்னதால், கண்ணாடி முன் நிற்க முடியாததைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை இல்லாததுபோல் இருந்திருக்கிறது. மார்பைக் காப்பாற்றியதாலேயே மனவேதனை குறைந்துவிடவில்லை என்று பிரிட்டிஷ் உளவியலாளர் லெஸ்லி ஃபாலோஃபீல்டும் உடனிருந்தவர்களும் 1990-இலேயே காட்டியிருக்கிறார்கள். எங்கள் பேச்சில் அது இன்னும் ஏறவில்லை. விளக்கை அணைத்துவிட்டுத்தான் உடை மாற்றுகிறார். கணவர் பக்கத்தில் வந்தால் உடம்பு விறைக்கிறது. தமோக்சிஃபெனால் வரும் வறட்சியும் வலியும் சேர்ந்துகொண்டன. மகளிர் மருத்துவரிடம் ஹார்மோன் இல்லாத களிம்பும் ஆலோசனையும் வாங்கிக்கொடுத்தோம். பதின்மூன்றாம் அமர்வுக்குக் கணவரையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு முறை தேதியைத் தள்ளிவைத்தார். அடுத்த தேதி நான்கு வாரம் கழித்து.